விநியோகத்துக்கு வரம்பு இல்லை

அரசாங்கம் எதையும் மறைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைப் படித்துவிட்டு யாரும் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. வாஷிங்டனுக்கு வெளியே தேசிய அறிவியல் அறிக்கைப் பொது நிலையம் என்று ஒன்று இருந்தது. ஆறு மாடிக் கட்டடம். மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி எதுவானாலும் அறிக்கையாக அச்சாகி, அட்டை போட்டு, எண் குத்தி அங்கே வந்து சேர்ந்துவிடும். தவளை எத்தனை அடி தாவும் என்பதிலிருந்து ராக்கெட்டின் வால் எவ்வளவு சூடு தாங்கும் என்பதுவரை மொத்தம் இருபது லட்சம் அறிக்கைகள். வாசலில் ஆளுயரப் பித்தளை எழுத்துகளில் பதித்திருந்தார்கள்: "மக்கள் பணத்தில் பிறந்த அறிவு மக்களுக்கே." அந்த எழுத்துகளைத் துடைப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார்.

வெர்னா ஸ்டட்லருக்கு அந்த இருபது லட்சத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஒஹாயோ ஆற்றோரம் ஹார்மன்ஸ் லேண்டிங்கில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மக்ரோனி கிண்டிப் போட்டவள். புருஷன் டெல்மர், ஆற்றோரத்து ஆலையில் இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன். ஆலை மூடி ஏழு வருஷமாகிவிட்டது. தொண்ணூற்றைந்தாம் வருஷ ஏப்ரலில் அவன் நிலைமை எப்படி இருந்ததென்றால், படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். அதற்காக வெர்னா நடைவழியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தாள்.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பார்க்க ஒரே மாதிரி தெரியற வியாதி ரெண்டு இருக்கு. ஒண்ணுக்குக் கொடுக்கற மருந்தை இன்னொண்ணுக்குக் கொடுக்க முடியாது. நீங்க வேலை செஞ்ச இடத்துல என்ன தூசி?"

"மாவு," என்றான் டெல்மர்.

"என்ன மாவு?"

"மாவுதான் டாக்டர். வெள்ளையா இருக்கும். பீப்பாய்ல பேரு போட்டிருக்க மாட்டான். என்னதுன்னு கேட்டா, 'அரசாங்க வேலை, வாயை மூடிக்கிட்டுச் செய்'னு சொல்வான் மேஸ்திரி. நாங்களும் வாயை மூடிக்கிட்டோம். மூக்கை மூடச் சொல்லி யாரும் சொல்லல."

அப்போதுதான் அவனுக்கு அந்த வண்டி ஞாபகம் வந்தது. எழுபத்தொன்பதில் ஒரு வெள்ளை வண்டி ஆலை வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அரசாங்க ஆட்கள் முப்பத்தோரு பேரை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். காற்றில் இருந்த தூசியையும் சீசாவில் பிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது, "எல்லாம் அறிக்கையா வரும். பொது அறிக்கை, யார் வேணும்னாலும் படிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டெல்மருக்கு வரிசையில் அடுத்து நின்ற ஆர்லி பிக்கன்ஸும் அதைக் கேட்டிருந்தான். அதற்கப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"அது கிடைச்சா நல்லாருக்கும்," என்றார் மருத்துவர். "தூசியோட பேரும் தெரியும், அப்ப மூச்சு எவ்வளவு இருந்துச்சுன்னும் தெரியும். சீக்கிரம் கிடைச்சா சரியான மருந்தை ஆரம்பிச்சிடலாம்."

வெர்னா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலையத்துக்குத் தொலைபேசினாள்.

"அறிக்கை எண் சொல்லுங்க மேடம்."

"எண் தெரியாதுங்க. அது எங்க இருக்கும்?"

"அறிக்கையோட அட்டையில, வலது பக்க மூலையில."

"அறிக்கைதான் என்கிட்ட இல்லியே. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

"எண் இல்லாம எடுக்க முடியாது மேடம்."

"சரி, எந்த அறிக்கைக்கு எந்த எண்ணுன்னு ஒரு பட்டியல் இருக்குமில்ல?"

"இருக்கே. அதுவும் ஒரு அறிக்கைதான்."

"அதோட எண்?"

"இதுவரைக்கும் அதை யாரும் கேட்டதில்ல மேடம்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

நேரில் போவதென்று முடிவாயிற்று. ஆர்லியை வீட்டில் உட்கார்த்திவைத்து, அவனிடம் மாத்திரை, சூப், ஆக்சிஜன் உருளை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு, ரொட்டிக்கு நடுவில் தான் சுட்ட மீட்லோஃப் இறைச்சித் துண்டு வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வெர்னா பஸ் ஏறினாள். பத்து மணி நேரப் பயணம். அப்படி ஒரு கட்டடத்தை அவள் பார்த்ததில்லை. பித்தளை எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். நம்ம வரியில் கட்டினது, நம்மளை உள்ளே விடுவார்கள் என்று நம்பினாள், பாவம்.

உள்ளே விட்டார்கள், முகப்பு மேஜைவரை. மேஜையில் நாடீன் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல மனசுக்காரி, அந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாதவள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் வாசிப்பறை. நாற்பது மேஜைகள், மேஜைக்கு ஒரு பச்சை விளக்கு. நாற்பது விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு ஈ, காக்கை இல்லை.

"வாசகர் அட்டைக்குப் படிவம்," என்று நாடீன் ஒரு தாளை நீட்டினாள். "ஆராய்ச்சியாளர், ஒப்பந்ததாரர், மாணவர், பொதுமக்கள். இதுல நீங்க எதும்மா?"

"பொதுமக்கள்தான். வேற எதுல சேர்த்தி நான்?"

பொதுமக்கள் என்ற கட்டத்துக்குக் கீழே ஓர் உறுதிமொழி இருந்தது. 'நான் கோரும் அறிக்கையில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை எதுவும் இல்லை என இதனால் உறுதி கூறுகிறேன்.' அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடும், 'குறிப்புகள் ஏதேனும் இருப்பின்' என்று இரண்டு வரி இடமும் விட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. வாயால் பொய் சொல்லுவோம், மீன் பிடித்த கதை, மான் சுட்ட கதை எல்லாம் கூசாமல் அளப்போம். ஆனால் காகிதத்தில் எழுதி அடியில் கையெழுத்துப் போடுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்துவிடுவோம். வெர்னா உறுதிமொழியை அடித்துவிட்டு, குறிப்புக்கான இடத்தில் குண்டு குண்டாக எழுதினாள்: 'என் கணவர் இந்த அறிக்கையில் இருக்கிறார். அவர் சட்டையை இருபத்து நாலு வருஷம் துவைத்தது நான்தான்.'

நாடீன் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இப்படியா எழுதுவீங்க? பேசாம கையெழுத்துப் போட்டிருந்தா உள்ள போயிருக்கலாமே!"

"பொய்யா எழுதச் சொல்றீங்க?"

"பொதுமக்கள்னாலே அதாம்மா அர்த்தம். சம்பந்தமில்லாதவங்க. இப்ப நீங்க தொடர்புடைய நபர் ஆயிட்டீங்க. தொடர்புடைய நபர் வாசிப்பறைக்குள்ள போகக் கூடாது."

"சம்பந்தமில்லாதவன் எதுக்கும்மா பத்து மணி நேரம் பஸ்ல வந்து இதைப் படிக்கப்போறான்?"

நாடீன் திரும்பி நாற்பது விளக்குகளையும் ஒரு தடவை பார்த்தாள். "யாரும் வர்றதில்ல," என்று தணிந்த குரலில் ஒப்புக்கொண்டாள்.

"வேற படிவம் கொடுங்க. மாத்தி எழுதறேன்."

"ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான்."

இந்த நேரத்தில் உள்ளேயிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் ஓடிவந்தார். அன்றைக்குப் பார்த்து அங்கே மக்கள் அணுகல் தினம். வருஷா வருஷம் நடக்கும் விழா. மேடை, கொடி, கேக் எல்லாம் தயார். இயக்குநர் பேச எழுந்துவிட்டார். மக்கள்தான் வரவில்லை. "பொதுமக்கள் யாராவது இருக்காங்களா?" என்று ஓடிவந்தவர் மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஒருத்தங்க இருந்தாங்க சார். இப்பத்தான் தொடர்புடையவங்க ஆனாங்க."

"பரவாயில்ல, விழாவுக்குப் போதும்," என்று சொல்லி, வெர்னாவின் கோட்டில் 'பொதுமக்கள்' என்று அச்சடித்த அட்டையைக் குத்தி, முதல் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

இயக்குநர் லேலண்ட் ப்ரூயிட் பார்க்கவே நிறைவான மனிதர். வெள்ளி முடி, கணீர் குரல். நேராக வெர்னாவைப் பார்த்தே பேசினார்.

"நண்பர்களே, முப்பது வருஷமா இந்தக் கதவு திறந்தே இருக்கு. சரியான எண், சரியான படிவம், சரியான வகை, இந்த மூணோடயும் வந்த ஒருத்தரைக்கூட நாங்க திருப்பி அனுப்பினதில்ல. அப்படி வந்தவங்க பதினாலு பேர். பதினாலு பேருமே முழு திருப்தின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுல பதிமூணு பேர் நம்ம ஊழியர்கள்தான்ங்கறது நம்ம ஈடுபாட்டைக் காட்டுது."

கைதட்டல்.

"இருபது லட்சம் அறிக்கை. ஒண்ணு தொலைஞ்சதில்ல. ஒரு பக்கம் கிழிஞ்சதில்ல. ஒரு மூலை மடங்கினதில்ல. உலகத்துல வேற எந்த நூலகம் இப்படி மார் தட்டிக்க முடியும்? சில நாடுகள்ல மக்கள்கிட்டேயிருந்து அறிவை மறைச்சு வைக்கறாங்க. நாம அப்படியில்ல. நாம மக்களுக்காக, மக்கள் கை படாம காப்பாத்தறோம்."

மறுபடியும் கைதட்டல். வெர்னாவும் தட்டினாள், பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதையில்லை என்று.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். வெர்னா எழுந்தாள். "என் வீட்டுக்காரர் மூச்சு விட முடியாம கிடக்கறார் சார். ஹார்மன்ஸ் லேண்டிங் ஆலை, எழுபத்தொன்பதுல வெள்ளை வண்டியில வந்து ஊதச் சொன்னாங்க. அவர் என்ன மாவை இழுத்தார்னு டாக்டர் கேக்கறார். பேர் தெரிஞ்சா போதும். காகிதம்கூட வேணாம், வாயால சொன்னாப் போதும், நான் ஞாபகம் வச்சுக்குவேன்."

ப்ரூயிட்டுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். "இந்த அம்மா மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நாம இருக்கோம்," என்று சொல்லி, அந்த அறிக்கையைக் கொண்டுவரும்படி உத்தரவிட்டார். இயக்குநர் சொன்னால் எண் இல்லாமலும் கிடைக்கும்போலிருக்கிறது. கால் மணி நேரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் தள்ளுவண்டியில் அதைக் கொண்டுவந்தார். நீல அட்டை, விரல் தடிமன். ப்ரூயிட் அதை உயர்த்திப் பிடித்து அட்டையிலிருந்த முத்திரையைக் கணீரென்று வாசித்தார்: "பொதுமக்களுக்கு வெளியிட ஒப்புதல் அளிக்கப்பட்டது. விநியோகத்துக்கு வரம்பு இல்லை!"

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வெர்னா இரண்டு கையையும் நீட்டினாள்.

ப்ரூயிட் அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டார். "மன்னிக்கணும் மேடம். தொடர்புடையவங்க கையில தர முடியாது. உங்க கணவரோட அந்தரங்கம் இதுல இருக்கு. அதைக் காப்பாத்தறது எங்க கடமை."

"யார்கிட்டேயிருந்து சார்?"

"வெளியாட்கள்கிட்டேயிருந்து."

"நாப்பத்தோரு வருஷமா அந்த மனுஷனோட ஒரே கட்டில்ல படுத்து எந்திரிக்கறேன் நான்."

"அது வேற அந்தரங்கம் மேடம். இது அறிவியல்."

அந்தரங்கப் பிரிவு பரிசீலித்துத் தபாலில் அனுப்பும் என்று வாக்குக் கொடுத்து, கேக்கில் ஒரு பெரிய துண்டைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். வெர்னா அதைப் பத்து மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்து டெல்மருக்கு ஊட்டினாள்.

"அவ்வளவு தூரம் போய் கேக் வாங்கிட்டு வந்தியா?" என்றான் டெல்மர்.

"நல்லாருக்கா, சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு. அரசாங்கம் செஞ்சதுல உருப்படியானது இதுதான்."

ஆர்லி சிரித்துச் சிரித்து இருமினான். அவனுக்கும் அந்த இருமல் அப்போதே இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் தபாலில் அறிக்கை வந்தது. வெர்னா உறையைப் பிரிக்கும்போதே கண்ணீர் விட்டாள். அறுபத்து நாலு பக்கம். எல்லாம் கருப்பு. மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாக மை பூசியிருந்தார்கள். பக்க எண்ணையும், நடுநடுவே 'மற்றும்', 'ஆகவே', 'குறிப்பிடத்தக்க அளவு' என்ற சொற்களையும் விட்டுவைத்திருந்தார்கள். மாவின் பெயரும் கருப்புக்குள் போயிருந்தது. அந்தப் பெயர் தெரிந்தால் அதை மூச்சில் இழுத்தவர்கள் யார் என்று ஊகித்துவிடலாமாம், அது அவர்களின் அந்தரங்கத்துக்குப் பங்கமாம். கூடவே வந்த கடிதம் அப்படித்தான் விளக்கியது.

டெல்மர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். "பரவாயில்ல, என் எக்ஸ்ரேயை விட இது தெளிவா இருக்கு," என்றான். அதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

வெர்னாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மருத்துவரிடம் அறுபத்து நாலு பக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாமல் மருந்தை மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை என்று சொன்னார். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வழி இருந்தது. சோதிக்கப்பட்டவரே கையெழுத்திட்டுக் கேட்டால், அவர் சம்பந்தப்பட்ட மையை நீக்கித் தருவார்கள். டெல்மர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டான். ஆகஸ்டில் பதில் வந்தது. எழுபத்தொன்பதில் வண்டியில் போட்ட கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். 'அந்தக் கையெழுத்து நேராகவும் உறுதியாகவும் உள்ளது. தாங்கள் அனுப்பியது நடுங்குகிறது. இரண்டும் ஒரே நபருடையது என்று கருத இடமில்லை. தங்கள் அந்தரங்கத்தைப் பிறர் திருட முயல்வதை உரிய நேரத்தில் தடுத்ததில் நிலையம் பெருமை கொள்கிறது.'

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. டெல்மர் தன் கையெழுத்தைப் பழக ஆரம்பித்தான். அறுபத்து நாலு வயசுக்காரன், காலையில் ஓட்ஸ் கஞ்சி குடித்ததும் பலசரக்குக் கடைக் காகிதப் பையைக் கிழித்து வைத்துக்கொண்டு, டெல்மர் ஸ்டட்லர், டெல்மர் ஸ்டட்லர் என்று முதல் வகுப்புப் பையன்போல எழுதினான். மூக்கில் குழாய், கையில் பென்சில். வெர்னா அவன் மணிக்கட்டைக் கீழே இருந்து தாங்கிப் பிடித்துக்கொள்வாள். சில நாள் 'டெல்' வரைக்கும் நேராக வரும், அப்புறம் ஆற்றங்கரைபோல் வளைந்துபோகும். ஆர்லி எதிரே உட்கார்ந்து, "ஸ்டட்லர்ல ஏன்டா இத்தனை எழுத்து, பிக்கன்ஸ்னு போட்டு அனுப்பு, எனக்கு வரட்டும்," என்பான்.

"உன் பேரைப் போட்டா கடன்காரன்தான் வருவான்," என்பான் டெல்மர்.

அக்டோபர் கடைசியில் ஒன்று நேராக வந்தது. நிஜமாகவே நேராக. வெர்னா அதை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடினாள். நவம்பர் பிறந்ததிலிருந்து தினமும் பதிலுக்குப் பார்த்தார்கள். நன்றித் திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பிற்பகல், படுக்கையில் கிடந்த டெல்மர் போர்வையின் மேல் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். "இப்ப நேரா வருதா வெர்னா?" என்று கேட்டான்.

"நேரா வருது," என்றாள் அவள். "ரொம்ப அழகா வருது டெல்மர்."

அவன் அதை நம்பினானா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் போய்விட்டான்.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு வெர்னா நிலையத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டாள்: 'அவர் இறந்துவிட்டார். இனிமேல் கையெழுத்துக் கேட்டு எழுத வேண்டாம்.' ஏப்ரலிலிருந்து நகராத நிலையம் இதற்கு ஒன்பதே நாளில் நகர்ந்தது. பெரிய உறை வந்தது, மேலே ப்ரூயிட் கையெழுத்திட்ட கடிதத்தோடு.

'அன்புள்ள திருமதி ஸ்டட்லர், தங்கள் கோரிக்கை தொடர்பாக நல்ல செய்தி. இறந்தவர்களுக்கு அந்தரங்கம் இல்லை என்பதால், தங்கள் கணவர் சம்பந்தப்பட்ட தடை அனைத்தும் நீங்கிவிட்டது. மாவின் பெயரை மறைக்கவும் இனிக் காரணமில்லை. தங்கள் கணவரின் ஒத்துழைப்புக்கு எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். எமது சேவை எப்படி இருந்தது என்பதை இணைப்பிலுள்ள அட்டையில் குறித்து அனுப்பினால் மகிழ்வோம்.'

மாவின் பெயர் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. பெரிலியம் என்கிற உலோகத்திலிருந்து வரும் தூள். வெர்னா மருத்துவருக்குத் தொலைபேசி செய்து அதை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். "மிசஸ் ஸ்டட்லர், இது மட்டும் ஏப்ரல்ல தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க டாக்டர். தயவுசெஞ்சு அதை மட்டும் சொல்லாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆர்லி வந்தான். வாசற்படி மூன்றுதான், ஏறிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். சமையலறை மேஜையில் இருவரும் அறிக்கையை விரித்து உட்கார்ந்தார்கள். நாற்பதாம் பக்கத்தில் அட்டவணை இருந்தது. முப்பத்தோரு பேர், வரிசையில் நின்ற அதே முறைப்படி. பதினோரு வரி வெள்ளையாக, படிக்கும்படி இருந்தது. பாக்கி இருபது வரி கருப்பு. வெர்னா வெள்ளை வரிகளில் இருந்த பெயர்களைப் படித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது பெயரில் அவள் குரல் நின்றுவிட்டது.

"என்ன?" என்றான் ஆர்லி.

"இவங்க எல்லாருமே போனவங்க ஆர்லி. இவங்க அத்தனை பேர் வீட்டுச் சாவுக்கும் நான்தான் உருளைக்கிழங்கு சாலட் செஞ்சு கொண்டுபோனேன்."

மற்ற விஷயத்தில் எப்படியோ, சாவுக் கணக்கை மட்டும் அரசாங்கம் நாள் தவறாமல் வைத்துக்கொள்கிறது.

டெல்மர் பதினேழாவது. மூச்சின் அளவு, எடை, வயது எல்லாம் இருந்தன. அந்த வரியின் ஓரத்தில் சோதித்தவர் எழுதிய குறிப்பை வெர்னா சத்தமாகப் படித்தாள்: "'எண் 17 சிரித்துவிட்டதால் சோதனை மூன்று முறை திரும்பச் செய்யப்பட்டது. பின்னால் நின்ற நபரே சிரிப்புக்குக் காரணம். அவர் எச்சரிக்கப்பட்டார்.'"

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்து நாலு பக்கத்தில் டெல்மர் அந்த ஓரத்தில்தான் உயிரோடு இருந்தான்.

"என்ன சொல்லிச் சிரிக்க வச்ச?" என்று கேட்டாள் வெர்னா.

ஆர்லி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். "வெர்னாவோட மீட்லோஃபைத் தின்ன வாயாலயா ஊதறே, குழாய் உருகிடும்டான்னேன்."

"என் மீட்லோஃபையா?"

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி சொன்னது வெர்னா, இப்ப போய் கோவிச்சுக்காத."

வெர்னா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பி, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவன் இறந்ததிலிருந்து அவள் அப்படி அழவில்லை. ஆர்லி அவள் தோளைத் தட்டத் தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவன் தன் விரலைப் பதினேழாம் வரிக்குக் கீழே இருந்த கருப்புப் பட்டையில் வைத்தான். "அவனுக்குப் பின்னாடி நின்னது நான். அப்ப இது என் வரி. கருப்பா இருக்குன்னா நான் இன்னும் இருக்கேன்னு அர்த்தம், இல்லியா?"

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். வெளியே பனி விழுந்து நல்ல வெளிச்சம் இருந்தது. மைக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. "நல்ல மையா வாங்கியிருக்கான்," என்றான் ஆர்லி.

கடைசிப் பக்கத்தில் பரிந்துரை இருந்தது. தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி. 'எண் 17 மற்றும் எண் ▇▇ ஆகிய இருவரையும் தூசியுள்ள பகுதியிலிருந்து உடனடியாக மாற்ற வேண்டும். காரணத்தை அவர்களிடம் நேரில் தெரிவிக்க வேண்டும்.' டெல்மர் அதற்கப்புறம் எட்டு வருஷம் அதே பகுதியில் அதே மாவை அள்ளினான். ஆர்லியும் அவன் பக்கத்தில்தான் நின்றான். பரிந்துரைக்குக் கீழே, இந்த அறிக்கை யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்ற பட்டியல். ஆலை நிர்வாகத்துக்கு ஒன்று, துறைக்கு இரண்டு, பொது நிலையத்துக்கு ஒன்று. மொத்தம் நாலு பிரதி. அதற்கும் கீழே அந்த முத்திரை: விநியோகத்துக்கு வரம்பு இல்லை.

"அந்த இன்னொருத்தன் நானா வெர்னா?"

"தெரியல ஆர்லி. மையிருக்கு."

"நானும் கையெழுத்துப் போட்டுக் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று பென்சிலை எடுத்தான். கை நடுங்கியது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "விடு. நான் போனப்புறம் இந்தக் கோடு தானா வெளுத்துடும். அப்ப வந்து எனக்குப் படிச்சுக் காட்டு. கல்லறை டெல்மருக்குப் பக்கத்துலதானே, ரெண்டு பேருமா கேட்டுக்கறோம்."

"வாயைக் கழுவு. எந்திரி," என்றாள் வெர்னா. "கோட்டைப் போடு. டாக்டர்கிட்ட போறோம். பேர் இருக்கு நம்மகிட்ட. உன்னையாவது அவர் பார்க்கட்டும்."

அறிக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவனையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள். சேவை எப்படி இருந்தது என்று கேட்ட அட்டை மேஜையிலேயே கிடந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் ஆர்லியை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு குழாயை வாயில் கொடுத்து, "நல்லா இழுத்து ஊதுங்க," என்றாள். ஆர்லி ஊதுவதற்கு முன்னால் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. திரும்பி ஊதினான். சோதனை ஒரே தடவையில் முடிந்துவிட்டது.